இரண்டு தரம் கூப்பிட்டது

மதியம் ஒன்றே முக்கால் மணி. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையின் பின்பக்கம், லாரிகள் மட்டும் போய்வருகிற ஒரு செம்மண் சாலை... கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஈ காக்கை இல்லை.

என்ன, ராத்திரி பன்னிரண்டு மணி, சுடுகாட்டு வழி என்று ஆரம்பிப்பேன் என்றுதானே இப்படி ஒட்டி ஒட்டி உட்கார்ந்தீர்கள்? இல்லை. பட்டப்பகல். நம் ஊரில் ஒரு மணிக்குக் கடையைச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த மூன்று மணி நேரம் பாண்டிச்சேரி எப்படிக் கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். நடுச்சாமத்திலாவது நாலு நாய் குரைக்கும். அந்த நேரத்தில் நாயும் தூங்கிவிடும். உச்சி வெயிலில் வெளியே போகாதே என்று நம்மைப் பெற்றவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

அந்தச் செல்போன் வெளிச்சத்தை யாராவது அணையுங்கள். சொல்கிறேன்.

நடந்தது என்னோடு படித்த கலியபெருமாளின் தங்கை வீட்டுக்காரனுக்கு. கோபிநாத் என்று பெயர். மின்துறையில் வேலை. வில்லியனூர்ப் பக்கம் பயிர் வைக்கிற குடும்பம். ஆள் பொய் சொல்ல மாட்டான். சொல்லத் தெரிந்திருந்தால் இந்தக் கதையையே வேறு மாதிரி சொல்லித் தப்பித்திருப்பான், பாவம்.

கோபிநாத்துக்குப் பழைய வண்டிப் பைத்தியம். வீட்டு வாசலில் ஒரு கிழட்டு ஜீப்பை வைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டுவதைவிட அக்கறையாக அதைக் குளிப்பாட்டுவான். பைத்தியத்துக்குத் தோதாக இன்னொரு பைத்தியம் கிடைத்தது. குருசுக்குப்பத்து ஜோசப் ஆனந்த். அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அந்த ரத்தமோ என்னமோ, பட்டாள வண்டி என்றால் ஜோசப்புக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு பேரும் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பார்கள். கோபிநாத்தின் பெண்சாதி துர்காவும் ஜோசப்பின் பெண்சாதி லூர்துசெல்வியும், "நமக்குச் சக்களத்தி இரும்புல வந்து வாச்சிருக்கா" என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனாலும் இரண்டு பேருக்கும் உயிர் சிநேகம். கூடப் பிறந்தவர்கள்கூட அப்படி இருக்க மாட்டார்கள்.

மேட்டுப்பாளையத்தில் பழைய இரும்பு வாங்குகிற ஒருவரின் பட்டறையில், ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட லாரி ஒன்று பதினோரு வருஷமாக நின்றது. பட்டாளத்தில் ஒன் டன் என்பார்கள். பச்சை நிறம், சப்பை மூக்கு. அதோடு ஏலத்தில் வந்த மற்ற வண்டிகளை எல்லாம் அவர் வெட்டி எடைக்குப் போட்டுவிட்டார். இதை மட்டும் வெட்டவில்லை. ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். ஜோசப் இரண்டு வருஷம் நடையாய் நடந்தான். கடைசியில் ஒருநாள் அவரே போன் பண்ணி, வந்து எடுத்துக்கிட்டுப் போங்க என்று சொல்லிவிட்டார். ஜோசப் அன்றைக்கு ராத்திரி தூங்கவே இல்லையாம்.

சரி... ஒன்றே முக்கால் மணி.

பட்டறையில் ஆள் இல்லை. காவலுக்கு இருக்கிற கன்னியப்பன் சாப்பிடப் போயிருந்தார். சாவியை வேப்பமரத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். அவர் மட்டும் அன்றைக்குக் கட்டுச்சோறு கொண்டுவந்திருந்தால், இந்தக் கதையே இல்லை.

வலப்பக்கக் கதவைத் திறந்ததும் ஜோசப் முகம் சுளித்தான். இடப்பக்க இருக்கையில், அதாவது டிரைவருக்குத் துணையாக வருகிறவன் உட்காருகிற இடத்தில், ஒரு மணல் மூட்டை. சும்மா வைத்திருக்கவில்லை. ஆள் உட்கார்ந்த வாக்கில் நிமிர்த்தி, பட்டைத் துணியால் இருக்கையோடு சேர்த்து ஏழெட்டுச் சுற்று சுற்றிக் கட்டியிருந்தது.

"எவன்டா இத இங்க கட்டி வெச்சான்? ஒரிஜினல் சீட்டுடா இது. பாழாப் போயிடும்" என்றான் ஜோசப்.

வேறு யாராக இருந்தாலும், நமக்கென்ன என்று அப்படியே இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். இவர்களுக்குத்தான் வண்டியில் அசல் அல்லாத ஒரு ஆணி இருந்தாலும் ராத்திரி தூக்கம் வராதே. கத்தியால் பட்டையை அறுத்தார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூட்டையைத் தூக்கி வேப்பமரத்தடியில் போட்டார்கள். அடியில் பச்சைக் கித்தான் இருக்கை, புதுசு மாதிரி இருந்தது. நடுவில் மட்டும் ஒரு பள்ளம்... இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி. ஒரு வாசனையும் வந்தது. மண் வாசனை இல்லை, டீசல் வாசனை இல்லை. பூட்ஸ் பாலிஷ். அப்போதுதான் தேய்த்த பூட்ஸ் பாலிஷ்.

"மிலிட்டரி வாசனடா" என்று ஜோசப் இழுத்து மோந்து சிரித்தான். கோபிநாத்தும் சிரித்தான்.

என்ஜின் இறுகிப்போயிருந்தது. கால் பிரேக் கிடையாது, கை பிரேக் மட்டும் கொஞ்சம் பிடித்தது. ஆரன் இல்லை. இடப்பக்கக் கதவு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது, இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் திறக்கவில்லை. ஜீப்புக்குப் பின்னால் கட்டைவிரல் தடிமன் நைலான் கயிற்றைக் கட்டி இழுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. கோபிநாத் ஜீப்பை ஓட்ட வேண்டும், ஜோசப் லாரியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கயிறு தொய்யாமல் கை பிரேக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கூட வருகிறேன் என்று சொன்ன மெக்கானிக் விஜய் கடைசி நேரத்தில் வரவில்லை.

"நீ தனியா சமாளிப்பியாடா?" என்று கோபிநாத் கேட்டான்.

"போடா. நீ முன்னால ஒழுங்கா போ. கிளீனர் தட்டுற மாதிரி கதவத் தட்டுறேன். ஒரு தட்டு தட்டினா நிறுத்து. ரெண்டு தட்டினா போ. அவ்ளோதான்."

டப் டப். வண்டி கிளம்பியது.

கோரிமேட்டுப் பக்கம் சுற்றிக்கொண்டு, விமான நிலையத்து மதிலை ஒட்டியே இறங்கி, கடற்கரை ரோட்டைப் பிடித்தால் குருசுக்குப்பம். அந்த வழியில் சிக்னல் குறைவு. கோரிமேடு வரை ஒரு வில்லங்கமும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நின்ற சனங்கள் பச்சை லாரியை வேடிக்கை பார்த்தார்கள். ஒரு கிழவர் சல்யூட்கூட வைத்தார். கோபிநாத் கண்ணாடியில் பின்னால் பார்த்துச் சிரித்தான்.

லாரியின் முன்கண்ணாடியில் பதினோரு வருஷத்துத் தூசி. அதற்குப் பின்னால் மங்கலாக ஜோசப் தெரிந்தான். பக்கத்தில் இன்னொருவரும் தெரிந்தார்.

காவல்காரர் வந்து தொற்றிக்கொண்டார் போலிருக்கிறது என்று கோபிநாத் நினைத்துக்கொண்டான். நல்லதுதான், பேச்சுத்துணை.

மதிலோரச் சாலைக்குத் திரும்பியதும் சனநடமாட்டம் நின்றது. ஒரு பக்கம் நீளமாய் மதில், ஒரு பக்கம் முள்காடு. தார் உருகுகிற நாற்றம். அப்போது பின்னால் ஒரு தட்டு கேட்டது.

டப்.

கோபிநாத் பிரேக்கில் காலை வைத்தான். வைத்த உடனே...

டப் டப்.

சரி, போகச் சொல்கிறான். போனான். நூறு அடி போயிருப்பான். மறுபடியும் டப். முதல் தடவையைவிடச் சத்தம் குறைச்சல். காலை எடுப்பதற்குள் டப் டப், ஓங்கி அடித்த மாதிரி.

"இவன் இன்னா வெளையாடுறானா?" என்று கோபிநாத் வாய்விட்டே சொன்னான். மூன்றாவது தடவைதான் அவன் காது கொடுத்துக் கேட்டான். ஒரு தட்டு வலப்பக்கக் கதவிலிருந்து வந்தது. ஜோசப் உட்கார்ந்திருந்த பக்கம். இரண்டு தட்டு இடப்பக்கத்திலிருந்து வந்தது.

காவல்காரர் ஏறியிருந்தால் எந்த வழியாக ஏறினார்? வண்டி எங்கேயுமே நிற்கவில்லையே. இடப்பக்கக் கதவுதான் திறக்கவே இல்லையே.

நிறுத்தவும் பயம். அந்த இடத்தில் சாலை கடல் பக்கமாய்ச் சரிகிறது. சட்டென்று நிறுத்தினால் பிரேக் இல்லாத லாரி மேலே வந்து ஏறும். மெல்ல வேகத்தைக் குறைத்தான். கயிறு தொய்ந்தது. கண்ணாடியில் அந்தச் சப்பை மூக்கு பெரிசாகிக்கொண்டே வந்தது. டப் டப். டப் டப். வேறு வழியில்லாமல் மறுபடி வேகம் எடுத்தான். இழுத்துக்கொண்டு போகிறவன் நானா, என்னை ஓட்டிக்கொண்டு போவது அதுவா என்று அவனுக்கே தெரியவில்லையாம்.

அந்த நேரத்தில்தான், சரியாக இரண்டேகால் மணிக்கு, போன் அடித்தது. திரையில் ஜோசப் என்று பெயர் வந்தது.

"கோபி... நான் எறங்கிட்டேன்டா."

ஜோசப்பின் குரல்தான். நிதானமாக இருந்தது.

"எறங்கிட்டியா? எங்கடா?"

"கோரிமேட்டுல. ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன். வண்டி மெதுவாப் போச்சில்ல, பயந்துகிட்டு குதிச்சிட்டேன். அதுல வேற யாரோ இருக்காங்கடா."

"அப்ப... இப்ப ஓட்டுறது யாரு?"

"கயித்தக் கழட்டிட்டு வந்துடு. அதுல இருந்து யாரு கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காத."

போன் நின்றது. பஸ் ஸ்டாப் என்றானே, ஒரு பஸ் சத்தம், ஒரு மனுஷச் சத்தம் அதில் கேட்டதா? கேட்கவில்லை. கோபிநாத் அதை யோசிக்கிற நிலையில் இல்லை. சிநேகிதன் தப்பித்துவிட்டான் என்பது மட்டும்தான் அவன் மண்டையில் ஏறியது. மாதாவே, மாரியம்மா என்று இரண்டு சாமியையும் சேர்த்துக் கும்பிட்டானாம்.

சரிவு முடிந்து சாலை சமமான இடத்தில் டப் என்று ஒரு தட்டு கேட்டது. மிகவும் மெதுவாக. அதற்குப் பிறகு இரண்டு தட்டு வரவில்லை. கோபிநாத் ஓரம் கட்டினான். பின்னாலிருந்து லாரி உருண்டு வந்து ஜீப்பின் முதுகில் டொக் என்று லேசாக மோதி நின்றது.

இறங்கினான். தலையைத் தூக்கவில்லை. தரையைப் பார்த்தபடியே ஜீப்பின் பின்பக்கம் வந்து குந்தினான். கொக்கியில் கை வைத்தான். லாரியின் மூக்கு அவன் தலைக்கு மேலே. பூட்ஸ் பாலிஷ் வாசனை குப்பென்று அடித்தது. கொக்கி வெயிலில் பழுத்துக்கிடந்தது, விரல் பொசுங்கியது. முடிச்சு இறுகிப்போயிருந்தது.

"கோபி..."

மேலேயிருந்து. ஜோசப்பின் குரலில்.

வயலுக்கு ராத்திரியில் தண்ணீர் கட்டப் போகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிற விஷயம் இது. உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்பாதே. தெரிந்த குரலாக இருந்தாலும் திரும்பாதே. பேய் இரண்டு தரம்தான் கூப்பிடும். மூன்றாவது தரம் கூப்பிட்டால்தான் மனுஷன். கோபிநாத்தின் அப்பா அப்படித்தான் ஐம்பது வருஷம் வயலுக்குப் போய்வந்தார்.

"கோபி..." இரண்டாவது தரம். குரல் இறங்கியிருந்தது.

கோபிநாத் காத்திருந்தான். அதை அழுத்திச் சொல்லும்படி என்னிடம் சொல்லியிருக்கிறான் கலியபெருமாள். கோபிநாத் ஓடிவிடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மனசுக்குள் இருபது வரை எண்ணினான். மூன்றாவது தரம் கூப்பிட்டால் ஏறிப் பார்த்துவிடலாம் என்றுதான் எண்ணினான். முள்காட்டில் ஒரு இலை அசையவில்லை. மேலே ஏதோ தொண்டையில் சளி இழுக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம்...

மூன்றாவது தரம் கூப்பிடவில்லை.

முடிச்சை அவிழ்த்தான். ஜீப்பில் ஏறினான். திரும்பிப் பார்க்காமல் வந்த வழியே கோரிமேட்டுக்கு விரட்டினான்.

பஸ் ஸ்டாப்பில் ஜோசப் இல்லை. டீக்கடையில் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் இல்லை. போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பச்சை லாரியில இருந்து குதிச்ச ஆளப் பாத்தீங்களா என்று பூக்காரம்மாவிடம் கேட்டான். லாரியப் பாத்தேன், யாரும் குதிக்கலியே என்றாள். ஒருவேளை பட்டறைக்கே நடந்து போய்விட்டானோ என்று மேட்டுப்பாளையத்துக்கு ஓட்டினான்.

அங்கே கன்னியப்பன் வேப்பமரத்தடியில் அந்த மணல் மூட்டையைப் பார்த்தபடி நின்றிருந்தார். சாப்பிட்ட கை இன்னும் ஈரம்.

"இத யாரு தம்பி எடுத்தது?"

"நாங்கதான். வெயிட்டுக்கு வெச்சதுன்னு நெனச்சு..."

"இது வெயிட்டுக்கு வெச்சதில்ல தம்பி. அந்த எடம் காலியா இருக்கக் கூடாதுன்னு வெச்சது. மொதலாளி சொல்லலியா?" அவர் சாலைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "கூட வந்தவரு ஒத்தையாவா அதுல உக்காந்தாரு?"

"அவன் எறங்கிட்டான். போன் பண்ணான்."

"எறங்கினத நீ கண்ணால பாத்தியா?"

கோபிநாத்துக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. கன்னியப்பன்தான் அவனைப் பிடித்து ஜீப்பில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார்.

லாரி விட்ட இடத்திலேயே நின்றது. இடப்பக்கக் கதவு, அந்தத் துருப்பிடித்த கதவு, அகலத் திறந்து கிடந்தது. வலப்பக்கம் ஜோசப் ஸ்டியரிங்கில் முகம் வைத்துச் சாய்ந்திருந்தான். சட்டை பிழிந்தெடுத்த மாதிரி நனைந்திருந்தது. வலது உள்ளங்கை வீங்கிச் சிவந்திருந்தது. கதவைத் தட்டித் தட்டி. தகரத்தில் அந்தக் கையின் வியர்வை தடம் தடமாய் இருந்தது. உயிர் இருந்தது. கோபிநாத் மடியில் போட்டுக்கொண்டு, "டேய் ஜோசப்பு, டேய், இதோ வந்துட்டன்டா" என்று அடிக்கொருதரம் சொல்லிக்கொண்டே இருக்க, கன்னியப்பன் ஜீப்பை ஓட்டினார். ஆஸ்பத்திரி பத்து நிமிஷம்கூட இல்லை. வாசலைத் தாண்டும்போது அந்த மூச்சு நின்றது.

நெஞ்சுவலி என்றார் டாக்டர். முதல் வலி வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்றார். "அரை மணி முன்னால கொண்டாந்திருந்தாகூட..." என்று ஆரம்பித்தவர், கோபிநாத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. அவன் சொன்னபடிதான் தட்டியிருக்கிறான். வலிக்குது, நிறுத்து என்று ரோடு முழுக்கத் தட்டியிருக்கிறான். கூப்பிட்டும் இருக்கிறான். இரண்டு தரத்துக்குத்தான் மூச்சு இருந்திருக்கிறது. கோபிநாத் ஆஸ்பத்திரிச் சுவரில் முதுகை வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தான். அழக்கூட வரவில்லை. இனி எதைச் செய்தால் எது மாறும்? ஒன்றும் மாறாது.

லூர்துசெல்விக்குப் போன் போட்டான். கோரிமேடு ஆஸ்பத்திரிக்கு உடனே வாம்மா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

அரை மணியில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். தனியாகத்தான் வந்தாள். முகத்தில் பதற்றம் இருந்தது, ஆனால் அது தாலியைப் பறிகொடுத்தவளின் பதற்றம் இல்லை.

"இன்னா ஆச்சுண்ணா? துர்காவுக்கா? உங்களுக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஜோசப்பும்மா... லாரியில... ரெண்டேகால் மணிக்கு..."

அவள் அவனை வினோதமாகப் பார்த்தாள்.

"அவருக்கு இன்னா? ரெண்டேகாலுக்கு அவரு வீட்டுலதான இருந்தாரு. காலையில போன மறந்து வெச்சிட்டுப் போயிட்டாரு, அத எடுக்கத்தான் வந்தாருன்னு நெனச்சேன். உள் ரூம்புல உங்ககூடத்தான பேசினாரு? எறங்கிட்டேன்டான்னு சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டுச்சே."

கோபிநாத் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"சோறு போட்டு வெச்சிட்டுக் கூப்பிட்டேன். வரேன்னாரு, வரல. நீங்க போன் பண்ணதும் கதவத் தட்டி, கோபி அண்ணா ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுறாரு, நீங்களும் வாங்கன்னேன்."

"கதவத் தொறந்து பாத்தியாம்மா?"

"இல்லண்ணா. உள்ள தாப்பா போட்டிருந்தாரு. பாப்பா அவருகூடப் படுத்துத் தூங்குது."

பாப்பா என்றால் ஆஷ்லின். நாலு வயது.

"நீ போ, கொழந்தய நான் பாத்துக்கறேன்னு சொன்னாருண்ணா."